பின்வழியை அடைத்த முயல்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், நெடுஞ்செவி என்ற முயல் தன் மனைவி அல்லியோடும் மூன்று குட்டிகளோடும் ஒரு வளையில் வாழ்ந்து வந்தது. சுற்றிலும் புல் கருகிவிட்டது. குட்டிகள் காய்ந்த வேரைக் கடித்துப் பசியாறின.

நெடுஞ்செவிக்கு எதிலும் அவசரம். "இந்த வீட்டை யார் தலையிலாவது கட்டிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விட வேண்டும்" என்று தினமும் புலம்பும்.

அதைக் கேட்டு ஒரு காகம் வந்தது. வீடு பேசி முடித்துக் கொடுக்கும் தரகு வேலை அதற்கு.

"ஆற்றங்கரையில் வீடுள்ள ஒருவர் இருக்கிறார். அங்குள்ள ஈரம் அவர் உடம்புக்கு ஆகவில்லை. உன் வீட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டைத் தருவாராம். ஆனால் பழுதுகளை நீதான் சரிசெய்து தர வேண்டும்" என்றது காகம்.

"யார் அவர்?" என்று அல்லி கேட்டது.

"பெரிய இடம், அம்மா. பேச்சு முடியட்டும், நேரிலேயே வருவார்."

"அது கிடக்கட்டும். என்ன பழுது?" என்றது நெடுஞ்செவி.

"வாசல் குறுகல். அவருக்குத் தோள் இடிக்கும்."

நெடுஞ்செவி அன்றே வாசலை அகலமாகத் தோண்டியது.

மறுநாள் காகம் மீண்டும் வந்தது. "வாசலில் முட்புதர் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிடு."

"வாசலைத்தான் பெரிதாக்கிவிட்டேனே. முள்ளை அவரே வெட்டிக்கொள்ளக் கூடாதா?"

"மலையடிவாரத்து முயலும் வீட்டை விற்கிறதாம். அதைக் கேட்டுப் பார்க்கட்டுமா?"

நெடுஞ்செவி பயந்துபோனது. வாய் கிழிந்து ரத்தம் வர, முட்புதரைக் கடித்து அகற்றியது.

காகம் மூன்றாம் முறையும் வந்தது. "பின்னால் ஓர் ஓட்டை இருக்கிறது. காற்று அடிக்கும். அதையும் அடைத்துக் கொடு."

அல்லிக்குப் பொறுக்கவில்லை. "அது ஓட்டை இல்லை, பின்வழி! ஆபத்து வந்தால் அதுதானே எங்கள் உயிர்? நாங்கள் கிளம்பும் நாளில் அடைத்துத் தருகிறோம். அதுவரை முடியாது."

"அப்படியானால் பேச்சு முறிந்தது" என்று காகம் சிறகை விரித்தது.

"இரு, இரு!" என்று நெடுஞ்செவி பதறியது. பிறகு மனைவியிடம் சீறியது: "விற்றுவிட்டுப் போகப்போகிற வீடு! இதற்குப் போய் வழக்காடுகிறாயே. இனி யார் வீட்டுப் பின்வழி அது?"

"நம் குட்டிகள் இன்னும் இங்கேதான் தூங்குகின்றன" என்றது அல்லி.

நெடுஞ்செவி கேட்கவில்லை. வற்றிய குட்டையிலிருந்து களிமண்ணைச் சுமந்து வந்து பின்வழியை அடைத்தது. வெயிலில் அது கல்லாக இறுகியது.

காகத்துக்கு மகிழ்ச்சி. "வா, புது வீட்டைக் காட்டுகிறேன். அல்லி இங்கேயே இருக்கட்டும். வாங்குபவர் பார்க்க வரும்போது வீட்டில் ஆள் வேண்டாமா?"

இரண்டும் புறப்பட்டன. ஆற்றங்கரையில் பாறையும் மணலும்தான் இருந்தன.

"வீடு எங்கே?" என்று நெடுஞ்செவி கேட்டது.

காகம் சட்டென்று சிறகை விரித்தது. எழுந்து, வந்த திசையிலேயே வேகமாகப் பறந்தது. நெடுஞ்செவிக்கு அப்போதுதான் சூது புரிந்தது. வீட்டை நோக்கிக் கால் ஓயும்வரை ஓடியது.

அகன்ற வாசலில் காட்டுப்பூனையின் காலடித் தடங்கள் பதிந்திருந்தன. காகம் சொன்ன 'பெரிய இடம்' அதுதான். பக்கத்துப் பாறையில் காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"அல்லி!" என்று கூப்பிட்டபடி நெடுஞ்செவி உள்ளே நுழைந்தது. பதில் இல்லை. குட்டிகளும் இல்லை.

வளையின் கோடியில், இறுகிய களிமண்ணில் அல்லியின் நகக்கீறல்கள் இருந்தன. பாதிக்கு மேல் தோண்டியிருந்தது. அதற்குள் காட்டுப்பூனை வந்துவிட்டது.

நெடுஞ்செவி அந்த இடத்திலேயே தோண்டத் தொடங்கியது. நகங்கள் பெயர்ந்தன, நிறுத்தவில்லை. கடைசிக் கட்டி உதிர்ந்தபோது வெளிச்சம் உள்ளே வந்தது. அந்த வழியாகத் தப்பிப்போகத்தான் வீட்டில் யாரும் இல்லை.

நீதி: விற்கத் துணிந்தாலும், குடியிருக்கும் வரை வீடு உன்னுடையது, வாங்குபவர் கேட்டார் என்று அதன் காவலை விட்டுக்கொடுக்காதே.