பக்கத்தைப் படுக்கப் போட்ட தனக்கோட்டி

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு எதிர மாடியில அமிர்தவல்லி டிடிபி சென்டர் தொறந்து மூணு நாள்தான் ஆவுது. வர்றேன்னு சொன்ன ஆபரேட்டர் திருப்பூருக்கு பஸ் ஏறிட்டான். கம்ப்யூட்டர் புதுசு, பக்கம் போடற சாஃப்ட்வேர் புதுசு, அதுக்கு அமிர்தவல்லியும் புதுசு. டைப் அடிக்க மட்டும் தெரியும்.

முத ஆர்டர் மஞ்சினியோடது. பேத்திக்குக் காதுகுத்து. நாலு மணிக்குள்ள அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போவலன்னா வேற கடை பாத்துக்கறேன்னு சொல்லிட்டு பெஞ்சில உக்காந்துட்டாரு. கொழந்தைக்குத் தாய்மாமனுங்க மூணு பேரு. எவன் பேரு அடுத்தவனுக்குக் கீழ வருதோ, எவன் பேரு எழுத்து சிறுசா இருக்குதோ, அவன் வர மாட்டான். மூணும் ஒரே வரியில, ஒரே அளவுல வரணும். நடுவுலவன் பேரு வீரராகவப்பெருமாள். எழுதிப் பாத்தா தாளே பத்தல.

மணி மூணுக்கு, ஜன்னல்ல தொங்குன 'ஆபரேட்டர் தேவை' அட்டையப் பாத்துட்டு தனக்கோட்டி மேல ஏறி வந்தான்.

"பேஜ் போடத் தெரியுமா?"ன்னு கேட்டா அமிர்தவல்லி.

"எனக்கா? அக்கா, நான் முத நாளு உக்காந்தப்ப என்ன நடந்துச்சி தெரியுமா?"

"அப்பறம் சொல்லலாம். உக்காருங்க."

"உக்காந்துட்டா சொல்ல நேரமிருக்காதுக்கா. புதுப்பக்கம் தொறந்தேன். அகலம் எவ்வளவுன்னு கேட்டுச்சி. இருபத்தொரு சென்டிமீட்டர் குடுக்கறதுக்குப் பதிலா இருபத்தொரு மீட்டர் குடுத்துட்டேன். பக்கம் மானிட்டர விட்டு வெளிய வந்து, மேசையத் தாண்டி, ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்குது! வலது ஓரத்த இழுக்க சைக்கிள்ல போவ வேண்டியதாயிடுச்சி."

"சைக்கிள்ல போனப்ப மவுஸு?"ன்னாரு மஞ்சினி.

"கேரியர்ல கட்டிக்கிட்டேன் பெரியவரே."

அமிர்தவல்லிக்குச் சட்டுனு ஒறச்சுது. காலையிலேருந்து இருபத்தொண்ணுன்னு அடிக்கறா, எழுத்தெல்லாம் கடுகு மாதிரி தெரியுது. அளவு அங்குலத்துல கெடக்குது! சென்டிமீட்டருக்கு மாத்துனா. பக்கம் பக்கமா வந்து நின்னுச்சி. ஆனா வீரராகவப்பெருமாள் இன்னும் அடங்கல.

"அதாச்சும் பரவால்ல,"ன்னு தனக்கோட்டி நாற்காலிய நகத்திப் போட்டு, உக்காராம, அதும்மேல கைய ஊனிக்கிட்டான். "ஒரு நாளு நின்ன பக்கத்தப் படுக்கப் போட்டேன். கூடவே கடையும் படுத்துடுச்சி! மாடியில இருந்த தையக்காரரு பக்கத்துக் கடைக்காரரா வந்து வணக்கம் வைக்கறாரு."

"மாடிக்கு ஏற வேணாம், நல்லதுதான,"ன்னாரு மஞ்சினி. "என் மூட்டு வலிக்கு ஒண்ணு அப்படிப் படுக்கப் போடேன் தம்பி."

படுக்கப் போடலாமா? அமிர்தவல்லி தேடிப் பாத்தா. இருந்துச்சி. அமுக்குனா. பக்கம் அகலமாப் படுத்துது.

"கோடு இழுத்துப் பிரிக்கறதுலயும் ஜாக்கிரதையா இருக்கணும்க்கா. ஒரு வீட்டு அண்ணன் தம்பிங்க பேர மூணு பத்தியாப் பிரிச்சுப் போட்டேன். சாயங்காலம் போய்ப் பாத்தா அந்த வீட்டுல மூணு அடுப்பு எரியுது."

"கோடு எங்க இருக்குது?"

"அதெல்லாம் உள்ளாற இருக்கும்க்கா."

உள்ளாறதான் இருந்துச்சி. மூணு பத்தி, மூணு மாமன். வீரராகவப்பெருமாள் கால நீட்டிப் படுத்துக்கிட்டாரு. அமிர்தவல்லிக்கு வந்த சந்தோஷத்துல கை பட்டு மூணாவது மாமன் காணாமப் போயிட்டான்.

மஞ்சினி எழுந்துட்டாரு. மணி மூணு அம்பது.

"பதறாதீங்க, பின்னால போற கட்டளை இருக்குது,"ன்னான் தனக்கோட்டி. "ஆனா நான் ஒரு காதுகுத்துக்கு அத அமுக்கிப் புடிச்சிட்டேன். காதுல ஓட்ட மூடிக்கிச்சி. பல்லு உள்ள போயிடுச்சி. தாய்மாமன் அரைக்கால் டவுசரோட நிக்கறான்!"

"இன்னும் அமுக்கியிருந்தா?"ன்னாரு மஞ்சினி.

"எங்க அமுக்கறது? எனக்கே விரல் சிறுசாயிக்கிட்டே வந்து, பட்டன் எட்டல."

அமிர்தவல்லி ஒரே ஒரு தடவ அமுக்குனா. மாமன் திரும்பி வந்தான். பிரிண்டர்ல வந்த தாள மஞ்சினி அடிஸ்கேல வச்சு மூணு பேரையும் அளந்து பாத்தாரு. மடிக்காமக் கையில புடிச்சிக்கிட்டு அச்சகத்துக்கு ஓடுனாரு.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்க்கா?"ன்னான் தனக்கோட்டி.

"வேல எனக்கே வந்துடுச்சி தம்பி."

அமிர்தவல்லி எழுந்து போயி அந்த அட்டையக் கழட்டுனா. கீழ டீக்கடையில தனக்கோட்டி சொல்றது ஜன்னல் வழியாக் கேட்டுச்சி. அவன் குரலு இப்ப கொஞ்சம் சின்னதாத்தான் இருந்துச்சி.

"மாஸ்டர், மேல ஒரு அக்கா இருக்காங்க. நான் மெஷினத் தொடவே இல்ல. எனக்குத் தெரியவும் தெரியாது. நின்னபடிக்கு வாய்க்கு வந்தத அளந்துக்கிட்டிருந்தேன். அதக் கேட்டுக்கிட்டே ஒரு மணி நேரத்துல தொழில் கத்துக்கிட்டு, பத்திரிகையும் போட்டுட்டாங்க."

டீ மாஸ்டர் கிளாச நங்குனு வச்சாரு.

"யோவ், புளுகறதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி புளுகுய்யா."