துப்பாக்கி முனையில் ஆரஞ்சு

நாடகத்துக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஆதிமூலம், பிளாஸ்டிக் குண்டு போடும் பொம்மைத் துப்பாக்கி ஒன்றை விற்கிறான் என்று கேள்விப்பட்டு, குவாரி முதலாளி தெய்வசிகாமணி அவன் கொட்டகை வாசலில் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“முனையிலே என்னடா ஆரஞ்சு? பொம்மைன்னு காட்டிக் குடுக்குதே. கறுப்பு அடிச்சுக் குடு. பார்த்தவன் அசல்னு நடுங்கணும். இல்லேன்னா நாளைக்கு உன் கொட்டகை இருக்காது.”

ஆதிமூலத்துக்கு அந்தக் கொட்டகைதான் சோறு. பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்தான்.

“அடிச்சிடறேன் முதலாளி. காஞ்சதும் இடுப்புல சொருகிட்டு, எதிர்த்த போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ஒரு நடை நடந்து பாருங்க. பாராக்காரர் அசல்னு நம்பிட்டா என் வேலை சுத்தம்.”

“நம்பிட்டா சுட்டுட மாட்டானா?”

“சுடலேன்னாலும் பிடிப்பார். வித்தவன் யாருன்னு கேட்டு என்னையும் பிடிப்பார். ரெண்டு பேரும் ஒரே லாக்கப்புல உட்கார்ந்திருப்போம்.”

முதலாளி ஸ்டேஷனைப் பார்த்தார். பிரஷ்ஷைப் பார்த்தார்.

“அந்த ஆரஞ்சையே இன்னும் கொஞ்சம் தூக்கலா அடிச்சுக் குடுப்பா” என்றார்.