மூணாவது மாடல் இன்ஜின்

மேட்டுக்கரடு எங்கள் ஊர்தான். அதனால் இந்தக் கதையில் வருகிறவர்களைப் பார்த்து நான் சிரிக்க முடியாது, நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சங்ககிரிப் பக்கம் வீட்டுக்கொரு லாரி நிற்கும் என்பார்கள். எங்கள் ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு லாரி. அந்த மூன்று வீட்டுக்காரர்கள்தான் செங்கோடன், பொங்கியண்ணன், நாச்சிமுத்து.

செங்கோடன் ஓட்டுவான். வயதில் மூத்த பொங்கியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார். நாச்சிமுத்து பின்னால் உட்கார்ந்து, அந்த வழி தப்பு என்று சொல்வான். மூவரில் தான்தான் அறிவாளி என்று செங்கோடனுக்கு ஓர் எண்ணம். அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது.

அவனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் ஊர் இருக்கிற குன்றுக்குக் கீழே, பள்ளக்காட்டுக் காளியண்ணன் தன் மகள் பூங்கோதையைக் கொடுக்கச் சம்மதித்தார். அவரும் லாரிக்காரர். அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"சொந்த லாரின்னு சொல்றீங்க. நான் கண்ணால பார்க்கோணும். ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு மாப்பிள்ளை லாரியிலதான் வந்து எறங்கோணும். லாரி வரலைன்னா பேச்சை அதோட விட்டுருவோமுங்க."

செங்கோடன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். பூங்கோதையைச் சந்தையில் ஒரு தடவை பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இவள் கிடைக்காவிட்டால் செத்தேன் என்றே நினைத்தான். அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் லாரி ஒரு மூச்சு வெள்ளைப் புகையை விட்டுவிட்டு நின்றுபோனது.

மூவரும் ஓட்டமும் நடையுமாக மெக்கானிக் ரசாக் பாயிடம் போனார்கள். பாய் ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே கேட்டார்.

"இன்ஜின் மூடிக்கு அடியில வைக்கிற கேஸ்கெட் தகடு போயிருக்கும். அந்த இன்ஜின்ல ரெண்டு மாடல் வந்துச்சு. பழைய மாடலுக்கு ஆயில் பில்டர் இடது பக்கம், அடுத்த மாடலுக்கு வலது பக்கம். ரெண்டுக்கும் கேஸ்கெட் வேற வேற. உங்களுது எது?"

பாய் அடியிலிருந்து தலையை நீட்டி மூவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க. சந்தேகமா இருந்தா இன்ஜின் மேலயே நம்பர் அடிச்சிருப்பான். ஒரே பிசுக்கா இருக்கும். நல்லா எண்ணெய் தேச்சுக் கழுவிப் பாருங்க, தெரியும்."

திரும்பி வந்து பானட்டைத் திறந்தார்கள். செங்கோடன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். பொங்கியண்ணன் லாரிக்கு எதிரில் நின்று பார்த்தார்.

"பில்டர் இடது பக்கம் இருக்குது. பழைய மாடல்!" என்றான் செங்கோடன்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? என் சோத்துக்கைப் பக்கம் இருக்குது பாரு. அடுத்த மாடல்!" என்றார் பொங்கியண்ணன்.

இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டார்கள். இப்போது செங்கோடனுக்கு அது அடுத்த மாடலாகவும், பொங்கியண்ணனுக்குப் பழைய மாடலாகவும் ஆகிவிட்டது.

நாச்சிமுத்து தாடையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். "இதுல சண்டை எதுக்கு மாப்ள? ஓட்டுறவனுக்கு இது பழைய மாடல். எதுத்தாப்புல வர்றவனுக்கு அடுத்த மாடல். கம்பெனிக்காரன் ரோசனை பண்ணித்தான் செஞ்சிருக்கான்."

அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கேஸ்கெட் யாருக்காக வாங்குவது, ஓட்டுகிறவனுக்கா எதிரே வருகிறவனுக்கா என்று செங்கோடன் கேட்டான். நம்பரைத்தான் பார்த்தாக வேண்டும். பாய் சொன்னபடி எண்ணெய் தேய்க்க வேண்டும்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பொம்பளைங்கதான் எண்ணெய் தேச்சுக் குளிப்பாங்க. ஆம்பளைன்னா சனிக்கிழமை. மொதல்ல இது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியோணும்" என்றார் பொங்கியண்ணன்.

இது நியாயமான கேள்வி என்றே செங்கோடனுக்கும் பட்டது. அவன்தான் அறிவாளி ஆயிற்றே.

"லாரி நெத்தியில மாரியம்மன் துணைன்னு எழுதியிருக்குதுங்ளே" என்றான் அவன்.

"அது லாரி பேருடா. இன்ஜின் தனி ஆள்" என்றான் நாச்சிமுத்து. "நீயே பாரு. விடிஞ்சா இருமுது. நாளெல்லாம் புகை விடுது. எவ்வளவு ஊத்துனாலும் குடிக்குது. மேடு கண்டா முனகுது. எங்க மாமனேதான். ஆம்பளையில்லாம வேற என்ன?"

ஆக, சனிக்கிழமை என்று முடிவானது. ஒரு நாள் வீணாகப் போயிற்று.

சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர் எல்லாம் தயார். அப்போது பொங்கியண்ணன் கையை உயர்த்தினார். "சட்டை வேட்டியோட யாராச்சும் எண்ணெய் தேச்சுக் குளிப்பாங்களா? வெளிய எடுங்கடா." உடனே புளியமரத்துக் கிளையில் சங்கிலி கட்டி, லாரியிலிருந்து இன்ஜினைக் கழற்றி இறக்கினார்கள். எங்கள் ஊரில் வேலை செய்ய மட்டும் யாரும் சளைக்க மாட்டார்கள். அதுதான் எங்கள் கெரகமே.

நாச்சிமுத்து உச்சியில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தான். காதில் விடுகிற மாதிரி இருந்த ஓட்டைகளில் எல்லாம் எண்ணெய் விட்டான். பொங்கியண்ணன் சீயக்காயைக் கரைத்து ஊற்றினார். செங்கோடன் அண்டா அண்டாவாக வெந்நீர் கொட்டினான். பிசுக்கு போய் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. பழைய மாடல்தான். மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நாச்சிமுத்து ஓடிப்போய் சரியான கேஸ்கெட்டையே வாங்கிவந்துவிட்டான், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இன்ஜினை மாட்டலாம் என்று தூக்கிச் சாய்த்தார்கள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சீயக்காய்த் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது.

பொங்கியண்ணன் முகம் வாடிவிட்டது. "சளி புடிச்சிருச்சுடா. இன்னிக்கு இதை வெளிய கூட்டிட்டுப் போகக் கூடாது." ஒரு கம்பளியைப் போர்த்தி, சாம்பிராணி போட்டு, நிழலில் படுக்க வைத்தார்கள்.

செங்கோடன் மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். "என் கல்யாணம் போச்சே! அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

நாச்சிமுத்து அவன் தோளைத் தட்டினான். "அழுவாத மாப்ள. உங்க மாமனார் என்ன சொன்னாரு? லாரி வரோணும்னு சொன்னாரு. இன்ஜின் வரோணும்னு சொன்னாரா?"

செங்கோடன் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். சொல்லவில்லைதான். பள்ளக்காடு வரைக்கும் ரோடும் ஒரே இறக்கம்.

மூவரும் தள்ளினார்கள். லாரி நகர்ந்ததும் தாவி ஏறிக்கொண்டார்கள். ஆகா, அந்த லாரி அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை! சத்தமில்லை, புகையில்லை. ஹாரன் மட்டும் அடித்தது. பிரேக்கை மிதித்து மிதித்துச் செங்கோடனுக்குக் கால் மரத்துப்போனது. கடைசியில் காளியண்ணன் வீட்டு வைக்கோல் போரில் பாதி புகுந்த பிறகுதான் வண்டி நின்றது.

சொந்தபந்தம் எல்லாம் ஓடிவந்தது. கதவோரம் பூங்கோதை நின்றாள். காளியண்ணன் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங் மாப்ள, வந்த சத்தமே கேக்கலையே? எம்பட வண்டி மூணாவது ஊர்ல வர்றப்பவே இங்க நாய் கொலைக்கும்."

சொல்லிக்கொண்டே பானட்டைத் தூக்கினார். உள்ளே ஒன்றுமில்லை. கீழே தரை தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டான்.

காளியண்ணன் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இதுல பில்டர் எந்தப் பக்கமுங்க?"

"எந்தப் பக்கமும் இல்லீங் மாமா" என்றான் செங்கோடன். பொய் சொல்ல அவனுக்கு வராது.

"அடேயப்பா! நானும் காலமெல்லாம் லாரி ஓட்டுறேன். இடது பக்கம் ஒரு மாடல், வலது பக்கம் ஒரு மாடல், ரெண்டுதான்னு இருந்துட்டேன். மூணாவது மாடல் வந்துருக்குதா! டீசல் எவ்வளவு குடிக்குது?"

"சொட்டுக்கூடக் குடிக்கறதில்லீங்க."

"குடிக்காத மாப்ள, குடிக்காத லாரி! இதுக்கு மேல என்ன வேணும்? தட்டை மாத்துங்க!"

தட்டு மாற்றினார்கள். செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, விருந்தில் பாயசத்தை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டான். சாப்பிட்டு முடிப்பதற்குள் நாச்சிமுத்து, மாமனார் கேட்டுக்கொண்டபடி, அவருடைய லாரியையும் மூணாவது மாடலாக மாற்றிக் கொடுத்துவிட்டான். கழற்றிய இன்ஜின் மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்தது.

கிளம்புகிற நேரத்தில்தான் செங்கோடனுக்கு உறைத்தது. தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, இந்த மாடல்ல ஒரே ஒரு கொறை. மேடு ஏறாதுங்க."

காளியண்ணன் யோசித்தார். பெரியவர்கள் எல்லோரும் கூடி யோசித்தார்கள்.

"அப்ப கல்யாணத்தை மேட்டுக்கரட்டுல வெக்க வேண்டாம். இதுக்கும் கீழ, ஆத்தோரக் கோயில்ல வெச்சுக்குவோம். ரெண்டு லாரியும் தானா போயிரும்" என்றார்.

எல்லோரும் சரி என்று எழுந்தார்கள். பூங்கோதை கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"அப்பா, அப்புறம் வளைகாப்பு?"

லாரி இறங்கிப் போக ஆற்றுக்கும் கீழே ஊர் கிடையாது. செங்கோடன் மாமனாரையே பார்த்தான்.

காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கு இன்னும் நாள் கெடக்குது சாமி. அதுக்குள்ள மேடு மட்டும் ஏறுற மாதிரி நாலாவது மாடல் ஒண்ணு விடாமயா போயிருவான் கம்பெனிக்காரன்!"