வெல்லத்தை விட்ட கரடி

தூமணி என்ற கரடி செங்குத்தான பாறையில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியது. அதன் முதுகு மயிருக்குள் ஓடையன் என்ற ஆமை பதுங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான், தூமணி! காலை நன்றாக ஊன்று!" என்றது ஆமை.

தூமணி காலை ஊன்றியது. வயிறு பாறையில் இடித்தது. நகம் வழுக்கியது. சரசரவென்று சறுக்கிக்கொண்டு இரண்டும் அடிவாரத்துப் புதருக்குள் போய் விழுந்தன.

மரத்தில் இருந்த குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. "பூசணிக்காய் மலையேறப் பார்க்கிறது!"

தூமணிக்கு அழுகை வந்தது. சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குளம் வற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடையிலும் அது வற்றும். மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத சுனை ஒன்று உண்டு. ஆமையால் பாறை ஏற முடியாது. அதனால் ஆண்டுதோறும் தூமணிதான் அதைச் சுமந்துகொண்டு மலையைத் தாண்டும். இந்த ஆண்டு தன் உடம்பையே அதனால் தூக்க முடியவில்லை.

காரணம் காட்டுக்கே தெரியும். காட்டின் ஓரத்தில் புதிதாக வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்று வந்திருந்தது. காய்ச்சும்போது வழித்து ஊற்றும் நுரையும் பாகும் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும். ஐப்பசியிலிருந்து தூமணி தினமும் அந்தப் பள்ளத்தை நக்கித் துடைத்துவிட்டுத்தான் வீடு திரும்பியது.

"ஓடையா, என்னை நம்பி நீ இருக்காதே. வேறு யாரையாவது கேள்" என்றது தூமணி.

"முள்ளம்பன்றி முதுகிலா ஏறச் சொல்கிறாய்?" என்றது ஆமை. "பங்குனி முடியும்வரை குளம் தாங்கும். இன்னும் நாள் இருக்கிறது. இளைக்க வழி பார்!"

குளத்தில் மிஞ்சியிருந்த மீன்களைப் பிடித்துக்கொண்டிருந்த நீர்நாய் இதைக் கேட்டது. அதன் உடம்பு ஒரு சதை அதிகமில்லாமல் வழவழவென்று மின்னியது.

"என்னைப் பார்! மீன், நண்டு, தவளை. அவ்வளவுதான். தேன் தொடமாட்டேன். பழம் தொடமாட்டேன். கிழங்கு பக்கமே போகமாட்டேன்! இனிப்பும் மாவும் இல்லாவிட்டால் கொழுப்பு எப்படிச் சேரும்?"

தூமணி நிமிர்ந்து உட்கார்ந்தது. "இன்று முதல் எனக்கும் அதே உணவு!"

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அன்று மாலையே வெல்லப் பள்ளத்துக்குப் போகும் பாதையை விட்டுத் திரும்பியது. கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சியது. மீன் பிடித்தது. எறும்பு முட்டை தின்றது. அதற்கு மேல் எப்போதாவது ஒன்றிரண்டு பழத்தோடு நிறுத்திக்கொண்டது.

ஓடையன் குளக்கரைச் சேற்றில் தூமணியின் கால் தடத்துக்குள் தலையை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டே வந்தது. முதல் நாள் தடத்தில் ஆமையின் தலை முழுவதும் மறைந்தது. பத்தாம் நாள் பாதித் தலை வெளியே தெரிந்தது.

"இளைத்துவிட்டாய்!" என்று கத்தியது ஆமை.

உண்மைதான். தூமணிக்கு மூச்சிரைப்பு குறைந்திருந்தது. முன்போல நாழிகைக்கு ஒரு தரம் பசிக்கவில்லை. தின்றதும் தூங்கி விழவில்லை. தனியாக ஏறிப் பார்த்தபோது பாறையில் பாதியைத் தாண்டிவிட்டது. குரங்குகள் சிரிப்பதை நிறுத்தின.

அங்கேதான் தூமணி தவறு செய்தது. 'கொஞ்சம் விட்டதற்கே இவ்வளவு நன்மை! இன்னும் இறுக்கினால்?' என்று நினைத்தது. அத்திப்பழம் காலடியில் விழுந்தது. அதைத் தள்ளிவிட்டது. நாவல் கொழுந்தைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு இலந்தைப்பழம் தவறி வாயில் விழுந்ததற்காக ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது.

பத்து நாள் போயிற்று. தடத்தின் ஆழம் குறையவில்லை.

"முதலில் மளமளவென்று இறங்கியதே! இப்போது ஏன் நின்றுவிட்டது?" என்று தூமணி எரிந்து விழுந்தது.

"முதலில் போனதில் பாதி வெறும் தண்ணீராக இருக்கும்" என்றது ஆமை. "இனிக் கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். அதிருக்கட்டும், உன் வாய் ஏன் இப்படி நாறுகிறது?"

வாய் நாறியது. தலை வலித்தது. மூன்று நாளாக வயிறு கழியவில்லை. தொடைத் தசை இழுத்துப் பிடித்தது. ஆனால் தூமணி பல்லைக் கடித்துக்கொண்டது. "நான் விடமாட்டேன்!"

மறுநாள் காலை மறுபடி பாறையில் ஏறியது. பாதியைத் தாண்டியது. முக்கால் பங்கும் ஏறிவிட்டது. திடீரென்று கண் இருட்டியது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. ஒரு வேரைப் பற்றிக்கொண்டதால் உயிர் பிழைத்தது. ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்து சேர்ந்தபோது உச்சி வெயில் ஆகிவிட்டது.

'நல்ல வேளை, ஓடையன் முதுகில் இல்லை' என்று எண்ணியபடி அதைத் தேடியது. ஆமை கல் இடுக்கில் அசையாமல் கிடந்தது. கண் வீங்கி மூடியிருந்தது. பக்கத்தில் பாதி தின்ற மீனும் சில மண்புழுக்களும் கிடந்தன.

"ஓடையா! நீ புல் தின்கிறவன். இதை ஏன் தின்றாய்?"

"நானும் எடை குறைந்தால்... உனக்குச் சுமக்க எளிதாக இருக்குமே என்று... ஐந்தாறு நாளாக..." ஆமையின் குரல் தேய்ந்தது. "ஒன்றுக்குப் போக முடியவில்லை, தூமணி. உள்ளே எரிகிறது."

தூமணி குளத்துக்கு ஓடியது. "நீர்நாயே! ஓடையன் செத்துக்கொண்டிருக்கிறான்! உன் உணவு எங்களை என்ன செய்திருக்கிறது, வந்து பார்!"

நீர்நாய் வந்து பார்த்தது. அதன் மீசை தொங்கிப்போயிற்று. "நான் பொய் சொல்லவில்லை, தூமணி. என் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் மீன் தின்று வளர்ந்தவர்கள். எனக்கு அது ஒத்துக்கொள்கிறது. உங்கள் உடம்பு எப்படி என்று நான் கேட்கவே இல்லை."

"நானும் யோசிக்கவில்லை" என்றது தூமணி. "இப்போது பேச நேரமில்லை. நீ தண்ணீர் கொண்டு வா!"

நீர்நாய் தன் உடம்பை நனைத்து நனைத்து வந்து ஆமையின் வாயில் நீரைச் சொட்டியது. தூமணி காடெல்லாம் அலைந்து, அறுகம்புல்லும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் கொண்டுவந்தது. முள்ளை நகத்தால் நீவி, பழத்தை நசுக்கி ஊட்டியது. இரண்டு நாள் ஆமை தலையை வெளியே நீட்டவில்லை. தூமணி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஓடையன் ஒன்றுக்குப் போனது. பிறகு கண் திறந்து, "இந்தப் புல் முற்றல்" என்றது.

தூமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். "உனக்குக் கெடுதல் செய்தது எது?" என்று கேட்டது ஆமை.

"வெல்லப்பாகு. அதில் சந்தேகமே இல்லை."

"அத்திப்பழமா கெடுத்தது? கொழுந்தா கெடுத்தது? உன் அம்மா கறையானும் தின்றாள், பழமும் தின்றாள். மலையும் ஏறினாள்."

தூமணி எழுந்து போய் நான்கே நான்கு அத்திப்பழம் பொறுக்கியது. ஐந்தாவதைத் தொடவில்லை. கறையானும் மீனும் தின்றது. கொழுந்து தின்றது. கிழங்கில் ஒரு துண்டு தின்றது. காற்று வெல்ல வாசனையைக் கொண்டுவந்த நாட்களில் மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டது. தினமும் காலையில் பாறையடிவரை நடந்து திரும்பியது. உடம்பு மெதுவாக இறங்கியது. தலைவலி போயிற்று. கால் நடுக்கம் நின்றது.

பங்குனி முடியும் முன்பே குளம் ஒரு கை நீராகச் சுருங்கிவிட்டது. நீர்நாய் ஆற்றுக்குப் புறப்பட்டது. தூமணி ஆமையை முதுகில் ஏற்றிக்கொண்டது.

"பயமாக இருக்கிறதா?" என்று கேட்டது.

"இருக்கிறது. நீ ஏறு!" என்றது ஓடையன்.

பாதி வந்தது. முக்கால் பங்கு வந்தது. தூமணியின் ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. அது நிற்கவில்லை. கடைசிப் பாறையை மார்போடு அணைத்து, ஒரே மூச்சில் உச்சிக்கு எழும்பியது. அந்தப் பக்கம் பள்ளத்தில் சுனை பச்சையாக மின்னியது. இருவரும் இறங்கிப் போய்க் கழுத்தளவு நீரில் நின்று குடித்தார்கள்.

உடலைக் குறைக்க அளவுக்கு மீறிய இனிப்பையும் மாவையும் விடுவது நல்லதுதான், ஆனால் தன் உடம்புக்குத் தேவையானதையும் சேர்த்து விட்டுவிட்டு அடுத்தவர் உணவைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர், பெற்ற நன்மையையும் இழந்து தம்மைப் பார்த்து நடப்பவரையும் ஆபத்தில் தள்ளுவார்.