நீன்னு கூப்பிட ஆளில்லாத ராசா

கேளுடி பேத்தி, ஒரு ஊர்ல ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தா. ஆத்தா அப்பன் கிடையாது. இடுப்புல வச்சு வளத்த ஒரே தம்பி சின்னாண்டி. ரெண்டு பேருக்கும் ஆடு மேய்க்கிற பொழப்பு. "நீ சாப்பிட்டியாடா? நீ தூங்கலையாடா? நீ எங்கடா போயிட்ட?" நாள் பூரா அவளுக்கு இதான் பேச்சு.

அப்படி இருக்கையில, அந்த நாட்டு ராசா பிள்ளை இல்லாம செத்துப்போனாரு. பட்டத்து யானைகிட்ட மாலையக் குடுத்து அனுப்புனாக. அது யார் கழுத்துல போடுதோ அவன்தான் ராசா. அது ஊரெல்லாம் சுத்திட்டு, காட்டுல ஆட்டுக்குக் குழை ஒடிச்சுக்கிட்டிருந்த சின்னாண்டி கழுத்துல போட்டுருச்சு. யானைக்கு என்ன தெரிஞ்சுச்சோ! "போயி ஆளனுப்புறேன்க்கா"ன்னு அக்காகிட்டச் சொல்லிட்டுப் பல்லக்குல ஏறிப் போயிட்டான்.

அரமனையில மந்திரிமார் அவன மதிக்கல. "நீ இங்க உக்காரு, நீ அங்க நில்லு"ன்னு ஏவுனாக. அவனுக்கு ரோசம் வந்து, "இனிமே ராசாவ நீன்னு சொல்ற நாக்குல சூடு போடு"ன்னு தண்டோராப் போட்டுட்டான். அன்னையில இருந்து எல்லாரும் "தாங்கள், தாங்கள்"தான். மந்திரிமார மனசுல வச்சுப் போட்ட சட்டம். அக்காவ நெனைக்கல, பாவிப்பய.

ஆள் வரும்னு ஒச்சாயி ஒரு வருசம் பாத்தா, ரெண்டு வருசம் பாத்தா, மூணாம் வருசம் பொறுக்க மாட்டாம தட்டாம்பயறு அவிச்சுக் கட்டிக்கிட்டு நடந்தே போயிட்டா. காட்டுல கிடந்தவளுக்குத் தண்டோரா எங்க கேட்டுச்சு? சபையில தம்பியப் பாத்ததும் ஓடிப்போயி, "ஏலே, நீ ஏன்டா இப்படி எளைச்சுட்ட? நீ சாப்பிட்டியாடா?"ன்னா.

மந்திரி மெல்ல எந்திரிச்சு, "மகாராசா, இந்தப் பொம்பளையத் தாங்கள் அறிவீர்களா?"ன்னான். என் அக்கான்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்ல? ஆட்டுக்காரி தம்பின்னு சிரிப்பாகளேன்னு, "தெரியாது"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அவ அழல, கத்தல. நாக்குல சூடு போடுறப்பவும் அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தா. நீ ஏன்டி அழுகிற? கேளு, இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம் ராசாவுக்கு ஒரு நோவு வந்துச்சு. வருசக்கணக்காச் சோறு எறங்கல, தூக்கம் வரல. வைத்தியருக்குப் பிடிபடல, ஆனா அவனுக்குத் தெரியும். "ஒருதடவ என்ன நீன்னு சொல்லேன்"னு ராணிகிட்டக் கேட்டான். "தாங்கள் என்னைச் சோதிக்கிறீர்கள்"னு வாயப் பொத்திக்கிட்டா. மந்திரிகிட்டக் கேட்டான், அவன் கால்ல விழுந்தான். பெத்த மககிட்டக் கேட்டான். அஞ்சு வயசுப் பிள்ளை, பயந்து ஓடியே போயிருச்சு.

கடைசில கிரீடத்தக் கழட்டி வச்சுட்டுக் காட்டுக்கு நடந்தான். ஆட்டுக்கிடைகிட்ட ஒச்சாயி நின்னா. அவனப் பாத்ததும் முந்தானைய இழுத்துச் சொருகி, ரெண்டு கையும் கூப்பி, "வாங்க மகாராசா. நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னா.

"அக்கா, நான் சின்னாண்டிக்கா! நீன்னு சொல்லுக்கா!"ன்னு காலக் கட்டிக்கிட்டுக் கதறுனான். அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? ஒருதடவ சொல்லப் பாத்தா, ரெண்டுதடவ சொல்லப் பாத்தா, மூணாந்தடவ தொண்டை வரைக்கும் வந்துச்சு. வாயத் தொறந்தா, "நீங்க அழாதீங்க மகாராசா"ன்னுதான் வந்துச்சு.

கூழு ஊத்திக் குடுத்தா. குடிச்சுட்டுப் போனான். சாகுற வரைக்கும் அவன நீன்னு கூப்பிட ஒரு நாக்கு இல்ல. பெருமைக்கு ஆசப்பட்டு ஒறவ ஒதறுனா, பின்னால கும்பிட்டுக் கேட்டாலும் கிடைக்காது. கதை காட்டுக்குப் போச்சு, நாம வீட்டுக்கு வந்துட்டோம். தம்பிக்குப் போர்வையப் போத்திவிட்டுட்டுப் படுடி.