மார்கழியில் கரகரத்த பாட்டுப்பெட்டி

"அக்கா, இந்த ஊஃபரைக் கழட்டிக் குப்பையில போடுங்க!"

காலை ஏழரை மணிக்கு வடமலை சொன்ன வணக்கம் இது. கோத்தகிரியில் டாக்சி ஓட்டுகிறவன். அவன் வணக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

சூசைமேரி கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள். கார்களுக்குப் பாட்டுப்பெட்டியும் ஊஃபர் என்கிற பெரிய ஒலிபெருக்கியும் பூட்டுவது அவள் தொழில். வடமலை வயதில் அவளைவிட மூத்தவன். ஆனாலும் அக்கா என்பான். ஒரு காலத்தில் அவளிடம் ஒயர் இழுக்கக் கற்றுக்கொண்டு, பொறுமை இல்லாமல் பாதியில் ஓடியவன்.

"என்ன பண்ணுது?"

"காலையில போட்டா கரகரன்னு கிழியுது. தொண்டை கட்டின எருமை மாதிரி. மத்தியானம் ஒழுங்காப் பாடுது. மறுநாள் காலையில மறுபடியும் எருமை!"

"நீ என்ன பண்ணுன?"

"ஊஃபரை மாத்தினேன். ஒயரை மாத்தினேன். ஆம்ப்ளிஃபயரை மாத்தினேன். கடைசியில பெட்டியையே மாத்திட்டேன்."

"மார்கழியை மாத்திப் பார்த்தியா?"

வடமலை பல்லைக் கடித்தான்.

அவன் கோபத்துக்கும் காரணம் இருந்தது. டாக்சி ஸ்டாண்டில் ஒரு வழக்கம். முதல் சவாரிக்கு முன்னால் ஒவ்வொருவனும் தன் பெட்டியை முழுச் சத்தத்தில் வைப்பான். எதிர் டீக்கடையின் தகரக் கூரையை எவன் அதிரவைக்கிறானோ, அவனுக்கு அன்றைக்கு மற்றவர்கள் டீ வாங்கித்தர வேண்டும். கூரைக்குச் சொந்தக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பனி விழ ஆரம்பித்ததிலிருந்து வடமலை தன் காசில்தான் டீ குடிக்கிறான்.

"போட்டுக் காட்டு," என்றாள் சூசைமேரி.

சாவியைத் திருப்பிய கையோடு சத்தத்தைக் கடைசிவரை முறுக்கினான். கேட்கச் சகிக்கவில்லை. கார் முழுக்கக் கிழிந்த துணியை உதறுவதுபோல் இருந்தது.

பின் சீட்டில் ஒரு கம்பளிப்போர்வை அசைந்து காதைப் பொத்திக்கொண்டது.

"நிறுத்து! உள்ள யாரு?"

"வீட்டுக்காரி. சண்முகக்கனி. ஊரு தூத்துக்குடி கிட்ட ஏரல். ஐப்பசியிலதான் கல்யாணம் ஆச்சு."

"இந்தக் குளிர்ல எங்க கூட்டிட்டுப் போற?"

"எட்டு மணி பஸ்ஸுல ஏத்தி விடணும். அவங்க அம்மா வீட்டுக்குப் போறா."

"போயிட்டு எப்ப வருது?"

வடமலை காரிலிருந்து இறங்கினான். அவளை அனுப்ப அவனுக்கு மனமே இல்லை. பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஊஃபருக்காக வண்டியை நிறுத்தியதே அதனால்தான். அது அந்த மரமண்டைக்குத் தெரியாது.

கதவை விட்டுத் தள்ளி வந்து முணுமுணுத்தான்.

"ரெண்டு மாசமா வாயே திறக்க மாட்டேங்கறா, அக்கா. தினம் எழுந்ததும் கேக்கறேன். ஊரு பிடிச்சிருக்கா, என்னைப் பிடிச்சிருக்கா, ஏன் பேச மாட்டேங்கற. பதிலே இல்ல. நேத்து, போறியா இருக்கியான்னு கேட்டேன். அதுக்கும் இல்ல. அப்ப போகணும்னுதானே அர்த்தம்?"

"எப்படிக் கேட்ட?"

"எப்படின்னா? இப்படித்தான். போறியா இருக்கியா, சொல்லு! சொல்லுன்னா சொல்லு!"

பக்கத்தில் நின்ற லாரிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

சூசைமேரி தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கையை, பாதியில் காருக்குள் விட்டாள். சத்தத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். ஹீட்டரைப் போட்டாள்.

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல. ஊஃபருக்குள்ள இருக்கிற காகிதக் கூம்பைச் சுத்தி ரப்பர் இருக்கு. ராத்திரிக் குளிர்ல விறைச்சுக் கிடக்கும். இன்ஜின் ஓடட்டும். சன்னமாப் பாடட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. உள்ள உட்காரு."

உட்கார்ந்தான். அரை நிமிஷம் ஆகவில்லை, கை சத்தத்தைக் கூட்டப் போனது. ஜன்னல் வழியாக ஸ்குரு டிரைவரின் பிடியால் விரலில் ஒன்று போட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம், அக்கா?"

"தெரியாது."

"பஸ்ஸு போயிடும்."

"அவ போகணும்னாலும் வாயை மூடு. போகக் கூடாதுன்னாலும் வாயை மூடு."

கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள்.

வடமலை வாயை மூடினான். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பெட்டி முனகியது. உள்ளே மெல்லச் சூடு பரவியது. கண்ணாடியில் படிந்திருந்த பனி வழிந்தது. மேளத்தின் அடி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது.

"எங்க ஊர்க் கோயில் கொடையில இப்படித்தான் அடிப்பாக."

பின்னாலிருந்து வந்தது குரல். வடமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கொடை, எப்போது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஏழெட்டுக் கேள்விகள் தொண்டைவரை வந்து முட்டின. எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

அவள் போர்வையைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"அப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சுக் காட்டுவாக. மேளக்காரவுக வேர்த்து ஒழுக ஒழுக அடிப்பாக."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"இங்க காலையில எனக்கு வெரல்கூட மடங்க மாட்டேங்கு. பல்லு கிட்டிக்கிடுது. நீங்க ஒண்ணக் கேப்பீக. நான் சொல்ல வாரதுக்குள்ள அடுத்ததக் கேட்டுப்புடுவீக. பொறவு நீங்களே கோவிச்சுக்கிடுவீக."

கீழே வளைவில் எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அவன் கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை.

"நேத்து கேட்டீகல்லா, போறியா இருக்கியான்னு..."

சூசைமேரி வந்து கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"வடமலை! சூடாயிடுச்சு! இப்ப முழுசா வச்சுப் பாரு!"

வடமலை கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினான்.

"மெதுவா, அக்கா. பேசிட்டிருக்கா."