புளியங்கிளையில் புதைந்த கம்பி

ஏற்காட்டில் பிலோமினா ஒரு போன்சாய்த் தோட்டம் வைத்திருந்தாள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவளிடம் பாடம் கேட்க வந்த அங்கமுத்துவுக்கோ அறுபத்தெட்டு. ஆனாலும் வாய்க்கு வாய் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மனுஷன் யார் பேச்சையும் கேட்காதவர். இவள் பேச்சைக் கேட்டார், அதுவும் பாதிதான்.

அன்றைக்குத் தொட்டியோடு வந்தார். குட்டைப் புளியமரம். மேலே போன கிளை ஒன்றைக் கம்பி சுற்றிக் கீழே வளைத்திருந்தார். மூன்று மாதத்தில் கம்பியை எடுத்துவிடச் சொல்லியிருந்தாள். அவர் ஒன்றரை வருஷம் விட்டுவிட்டார். கம்பி பட்டைக்குள் புதைந்து கிடந்தது.

"எடுத்தா வடிவு கலைஞ்சிடுமோன்னு பயம், டீச்சர்."

பிலோமினா கம்பியை உருவவில்லை. உருவினால் பட்டையும் சேர்ந்து வரும். துண்டு துண்டாக நறுக்கி எடுத்தாள். இரண்டு துண்டு வரவே இல்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

கிளை வளைத்த இடத்திலேயே நின்றது.

"கம்பிதான் போயிடுச்சே. ஏன் மேல போகல?"

"நீங்கதானே கீழ வளைச்சீங்க?"

அங்கமுத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு சுகுணா வீட்டுக்கே வந்துட்டா, டீச்சர்."

நர்ஸுக்குப் படிக்கிறேன் என்று கெஞ்சியவளைப் பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். பதினோரு வருஷம் புருஷனிடம் அடி வாங்கினாள். அது இவருக்குத் தெரியும். அழுதுகொண்டு வந்த போதெல்லாம் அனுசரிச்சுப் போ என்று திருப்பி அனுப்பினார், பாவி மனுஷன்.

"இப்ப விவாகரத்து வாங்கிக் கொடுத்துட்டேன். எங்க வேணா போ, என்ன வேணா படின்னு சொல்லிட்டேன். செவத்தைப் பாத்து உட்காந்திருக்கா. சோத்தைப் போட்டாத் திங்கறா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா."

பிலோமினா கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளைப் பழையபடி ஆக்கணும், டீச்சர். நர்சிங் காலேஜ்ல இடம் வாங்கிட்டேன். திங்கக்கிழமை கொண்டுபோய் விடப் போறேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா எங்க பேசறா? அவ நல்லதுக்குத்தானே."

பிலோமினா கிளையைப் பிடித்து மெதுவாக மேலே தள்ளினாள். உள்ளே நெறுக்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ, விடுங்க டீச்சர். ஒடிஞ்சிடும்."

பிலோமினா கையை எடுத்துவிட்டுக் கம்பிச் சுருளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நிமித்தறதுக்கும் கம்பிதான் சுத்தணும், ஐயா. திங்கக்கிழமையே சுத்திடலாமா?"